ஒரேத்தோவிலிருந்து உளவியலுக்கு: தொழில் மாற நினைப்பவர் முன்னுள்ள வழிகள்

பலெர்மோ மத்திய ரயில் நிலையத்தை ஒட்டித் தொடங்கும் ஒரேத்தோ தெரு, தெற்கே அதே பெயர் கொண்ட ஆற்றைக் கடந்து போகிறது. தெருவுக்கு மேற்கே பல்கலைக்கழக மருத்துவமனையான பொலிக்ளினிக்கோ. அதையும் தாண்டினால் வியாலே தெல்லே ஷென்ஸே வளாகம். அங்கே 15ஆம் எண் கட்டடத்தில் பலெர்மோ பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை இருக்கிறது. ஒரேத்தோப் பக்கம் வீடு எடுத்திருப்பவர் பேருந்துக்குக் காத்திராமல் நடந்தே போய்விடலாம். இருந்தும், இருக்கிற வேலையை விட்டு உளவியலுக்கு மாறலாமா என்று யோசிக்கும் தமிழருக்குக் கைபேசியில் முதலில் தட்டுப்படுவது அந்தக் கட்டடம் இல்லை. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் இணையவழிக் ‘கன்வெர்ஷன்’ படிப்பு, ஊரில் நடக்கும் உளவளத்துணை டிப்ளோமா, இந்தியத் தொலைக்கல்வி எம்.ஏ. ஆகியவைதான். எல்லாமே பகுதிநேரம் என்கின்றன. எல்லாமே உளவியல் என்கின்றன. ஒவ்வொன்றும் கொண்டுபோய் விடும் இடமோ வேறு.

யார் இப்படி யோசிக்கிறார்கள்? 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்து இந்த நகரத்தில் வேரூன்றிய தமிழர் பலர், வீட்டு வேலையிலும் முதியோர் பராமரிப்பிலும் துப்புரவிலும் ஹோட்டல்களிலும் உழைத்துக் குடும்பம் வளர்த்தவர்கள். நகரின் காவல் புனிதையான சந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலுக்கு மொந்தே பெல்லெகிரீனோ மலையேறும் தமிழரில் இந்துக்களும் உண்டு என்பது பலெர்மோக்காரர் எல்லோருக்கும் தெரிந்த சேதி. அதே தமிழரில் ஊரில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்துவிட்டு இங்கே ‘பாதந்தே’ எனப்படும் முதியோர் பராமரிப்பு வேலைக்கு இறங்கியவர்கள் இருக்கிறார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. மறதி நோய் பிடித்த இத்தாலிய மூதாட்டி ‘சீனியோரா’வின் கையைப் பிடித்தபடி பத்து வருடம் இருந்த ஒருவருக்கு, மனம் எப்படிக் குலைகிறது என்பதைப் பற்றிப் பாடப்புத்தகம் சொல்லாத பல விஷயங்கள் தெரியும். இன்னொரு வகையினர் இங்கேயே படித்து வளர்ந்தவர்கள். பத்து வயதிலேயே அம்மாவுடன் டாக்டரிடம் போய் மொழிபெயர்த்துப் பழகியவர்கள், இன்று கடையிலோ கணக்கு அலுவலகத்திலோ இருந்துகொண்டு, அந்த மொழிபெயர்ப்பு வேலையையே முறையாகச் செய்தால் என்ன என்று கேட்கிறார்கள். இந்த இரு வகையினருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

முதலில் லண்டன் வழி. வேறு பாடத்தில் பட்டம் பெற்றவரை ஒன்றிரண்டு ஆண்டில் உளவியல் பட்டதாரிக்கு நிகராக்குவது என்ற ஏற்பாடு அடிப்படையில் பிரித்தானியாவுடையது. பிரித்தானிய உளவியல் சங்கம் அங்கீகரித்த, 180 கிரெடிட் கொண்ட முதுநிலைப் படிப்பு அது. முழுநேரமாக ஓராண்டு, பகுதிநேரமாகப் பெரும்பாலும் இரண்டாண்டு. திறந்த பல்கலைக்கழகம் உட்படப் பலர் தொலைவிலிருந்தே படிக்க விடுகிறார்கள். கட்டணம் பத்தாயிரம் பவுணைத் தாண்டுவது சாதாரணம். முடித்தால், சங்கத்தின் பட்டய உறுப்பினர் ஆவதற்கான பட்டதாரி அடிப்படைத் தகுதி கிடைக்கும். வேலை மாறலாம் என்று நம்பிச் சேர்பவர் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அந்தத் தகுதி அடுத்த கதவைத் தட்டுவதற்கான அனுமதி, அவ்வளவே. பிரித்தானியாவில் மருத்துவ உளவியலாளர், ஆலோசனை உளவியலாளர், கல்வி உளவியலாளர் போன்ற பெயர்களை 2009 முதல் சுகாதார, பராமரிப்புத் தொழில்களுக்கான மன்றம் காக்கிறது. அந்தப் பதிவேட்டில் ஏற, கன்வெர்ஷனுக்குப் பிறகு மருத்துவ உளவியல் என்றால் மூன்றாண்டு முனைவர் பயிற்சி. அரச சுகாதாரச் சேவை சம்பளம் கொடுத்துப் பயிற்றுவிக்கும் இடங்கள் அவை. அதனாலேயே போட்டி கடுமை. உதவி உளவியலாளராகச் சில ஆண்டு உழைத்த பிறகும் இடம் கிடைக்காமல் திரும்பத் திரும்ப விண்ணப்பிப்பவர்கள் அங்கே சர்வசாதாரணம். இதில் வேடிக்கை என்னவென்றால், அடைமொழி எதுவும் இல்லாத ‘உளவியலாளர்’ என்ற பெயரை அந்த நாட்டுச் சட்டம் காப்பதில்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம்.

லண்டனிலோ லெஸ்டரிலோ குடியேறப் போகிறவருக்கு இது நல்ல வழி. இத்தாலியக் குடியுரிமை கிடைத்ததும் பிள்ளைகளின் ஆங்கிலக் கல்விக்காகப் பிரித்தானியாவுக்கு நகர்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஒரு காலத்தில் நிறைய. 2021 ஜனவரியோடு அந்தச் சுதந்திர நடமாட்டம் முடிந்தது. இப்போது பலெர்மோவில் இருந்தபடியே அந்தப் படிப்பை முடித்துவிட்டு, பலெர்மோவிலேயே தொழில் செய்ய முடியுமா? நேரடியாக முடியாது. வெளிநாட்டுத் தகுதியை இத்தாலியில் தொழிலுக்கு ஏற்பது சுகாதார அமைச்சின் கையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு நெறிமுறை பிரித்தானியாவுக்கும் பொருந்தியவரை அந்நாட்டுத் தகுதிக்கு ஓரளவு சுலபமான பாதை இருந்தது. இன்று அதுவும் மூன்றாம் நாட்டுத் தகுதியாகிவிட்டது. அதோடு, தான் பெற்ற நாட்டிலேயே உளவியலாளராகத் தொழில் செய்யும் உரிமையைத் தராத ஒரு பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே அந்த உரிமையைக் கேட்க முடியாது. கன்வெர்ஷன் பட்டம் சரியாக அந்த நிலையில்தான் இருக்கிறது. பத்தாயிரம் பவுண் கொடுப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய ஒரே விஷயம் இது. எந்த விளம்பரத்திலும் இது இருக்காது. இருக்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.

இத்தாலி ‘உளவியலாளர்’ என்ற பெயரை முழுதாகவே பூட்டி வைத்திருக்கிறது. 1971 வாக்கில் ரோமிலும் பாதோவாவிலும் உளவியல் பட்டப்படிப்பு தொடங்கிய பிறகும், படித்து வந்தவர்களுக்கென்று ஒரு தொழிற்சட்டம் பல காலம் இல்லை. மனநல மருத்துவரும் செனட்டருமான அத்ரியானோ ஒஸ்ஸிச்சீனி விடாப்பிடியாக நின்று கொண்டுவந்ததுதான் 1989 பிப்ரவரி 18ஆம் தேதியின் 56ஆம் சட்டம். இன்றும் அவர் பெயரிலேயே அதை அழைக்கிறார்கள். உளவியலாளர் யார், அவர் என்ன செய்யலாம், யார் அவரைப் பதிவு செய்வது, உளச்சிகிச்சை செய்ய மேலும் என்ன வேண்டும் என்று அந்தச் சட்டம் வரையறுத்தது. ‘ஆல்போ’ எனப்படும் பதிவேட்டில் பெயர் இல்லாமல் தொழில் செய்வது குற்றம்.

பாதை இரண்டு கட்டம். எல்-24 எனப்படும் பட்ட வகுப்பில் மூன்றாண்டு, 180 கிரெடிட். அதன்மேல் எல்எம்-51 வகுப்பில் இரண்டாண்டு, 120 கிரெடிட். 2021 நவம்பர் 8ஆம் தேதியின் 163ஆம் சட்டம் வருவதற்கு முன், பட்டம் வாங்கிய பிறகு சம்பளமில்லாத ஓராண்டுப் பயிற்சியும் அதன் பின் அரசுத் தேர்வும் இருந்தன. குடும்பக்காரர் பலரை அந்த ஓராண்டுதான் பாதியில் நிறுத்தியது. புதிய சட்டம் பயிற்சியைப் படிப்புக்குள்ளேயே கொண்டுவந்தது. மொத்தம் 30 கிரெடிட். அதில் 10 முதல் கட்டத்தில், 20 இரண்டாம் கட்டத்தில். ஒரு கிரெடிட் 25 மணி நேரம் என்பதால் 750 மணி நேரம். முடிவில் ஒரு செய்முறைத் தேர்வு. அதன் பிறகு பட்டமே தொழில் உரிமை. தொழில் மாற நினைப்பவருக்கு இத்தாலி கடந்த முப்பதாண்டில் செய்த மிகப் பெரிய உதவி இந்தச் சட்டம் என்பது என் கருத்து. ஆனால் இந்த 750 மணிகளை இரவு பதினொரு மணிக்குச் சமையலறை மேசையில் இருந்து முடிக்க முடியாது. பொதுச் சுகாதார நிலையங்கள், பள்ளிகள், அங்கீகாரம் பெற்ற அமைப்புகள், இவையெல்லாம் வேலை செய்யும் பகல் நேரத்தில், ஒரு மேற்பார்வையாளரின் கண்முன் கழிய வேண்டிய மணிகள் அவை.

ஏற்கெனவே வேறு பட்டம் உள்ளவருக்குக் குறுக்குவழி உண்டா? கன்வெர்ஷன் என்று பெயரிட்ட படிப்பு இத்தாலியில் இல்லை. அதற்கு மிக அருகில் வருவது இதுதான்: இரண்டாம் கட்டமான எல்எம்-51இல் சேர, உளவியல் பாடப் பிரிவுகளில் குறைந்தது 88 கிரெடிட் இருக்க வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. முழு மூன்றாண்டுப் பட்டம் எடுக்காமல், தனிப் பாடங்களுக்கு மட்டும் பணம் கட்டிப் பரீட்சை எழுதி அந்த 88ஐச் சேர்த்துக்கொள்ளலாம். கணக்குப் போட்டால் ஓராண்டுப் பாடச்சுமையின் ஒன்றரை மடங்கு. ஆனால் தனிப் பாடங்களுக்கு மாணவர் கட்டணச் சலுகை பெரும்பாலும் கிடையாது. முதல் கட்டத்தில் முடித்திருக்க வேண்டிய 10 கிரெடிட் பயிற்சியும் பிறகு வந்து முன்னால் நிற்கும். அதைவிட, பழைய பட்டத்தின் பாடங்களை ஏற்கச் செய்து எல்-24இன் இரண்டாம் ஆண்டில் நுழைவது பலருக்கு மலிவு. வெளிநாட்டுப் பட்டம் என்றால் கொழும்பிலுள்ள இத்தாலியத் தூதரகத்தின் மதிப்புச் சான்றோ, ரோமிலுள்ள சிமேயா நிறுவனத்தின் ஒப்பீட்டுச் சான்றோ வேண்டும். சான்றளிக்கப்பட்ட தொழில் திறனுக்கும் கிரெடிட் தரலாம். முன்பு 12 என்றிருந்த உச்சவரம்பை 2024ஆம் ஆண்டின் அமைச்சு ஆணை, முதல் கட்டப் பட்டத்துக்கு 48 வரை உயர்த்தியது. எவ்வளவு தருவது என்பது அந்தந்தத் துறையின் முடிவு. பத்து வருடப் பாதந்தே அனுபவத்துக்கு ஒரு பேராசிரியர் குழு என்ன மதிப்புப் போடும் என்று முன்கூட்டியே கனவு காண வேண்டாம். கையில் சான்றிதழ் உள்ள பயிற்சிகளைத்தான் அவர்கள் பார்ப்பார்கள்.

பட்டமே இல்லாதவர் நேராக எல்-24. இலங்கையில் உயர்தரம் வரை படித்திருந்தால் பல்கலைக்கழகம் கேட்கும் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக் கல்வி நிறைந்துவிடும். சாதாரண தரத்தோடு நின்றவர் முதலில் இத்தாலிய மேல்நிலை டிப்ளோமா எடுக்க வேண்டும். அதற்கு மாலைநேரப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றையும் வளர்ந்தோர் கல்விக்கான மாகாண மையங்களையும் 2012ஆம் ஆண்டு ஆணை ஒழுங்குபடுத்தியது. நான் பார்த்தவரை உண்மையிலேயே வேலை செய்பவரின் நேரத்தை மனத்தில் வைத்து நடப்பவை அந்த மாலைப் பள்ளிகள்தான். இன்னொரு நல்ல செய்தி: வேலை, குடும்ப, நீண்டகால வதிவிட அனுமதி வைத்திருப்பவர் பல்கலைக்கழக நுழைவில் இத்தாலியருக்குச் சமம் என்று 1998ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. வெளிநாட்டிலிருந்து விசா எடுத்து வரும் மாணவருக்கான ஒதுக்கீட்டில் இவர்கள் மோத வேண்டியதில்லை. ஆனாலும் பலெர்மோவின் எல்-24க்கு இடங்கள் வரையறுக்கப்பட்டவை. நுழைவுத் தேர்வு உண்டு. இத்தகைய தேர்வுகளில் உரை புரிதல், தர்க்கம், கணிதம், உயிரியல் ஆகியவை வரும். மனிதரைப் புரிந்துகொள்ளும் திறமையை யாரும் சோதிப்பதில்லை.

மொழி இன்னொரு தடை. சீனியோராவோடு பேசிப் பழகிய சிசிலிய வாடையுள்ள இத்தாலியன் சந்தையில் மதிப்பைத் தரும். பரீட்சைத் தாளில் தராது. பல்கலைக்கழகத்தின் இத்தாஸ்த்ரா மொழிப்பள்ளி வெளிநாட்டவருக்கு இத்தாலியன் கற்பிக்கிறது. படிப்புக்கு ஓராண்டு முன்பே அங்கே போய் உட்காருவது புத்திசாலித்தனம். மொழியைவிடப் பெரிய அதிர்ச்சி புள்ளியியல். லண்டன் கன்வெர்ஷனிலும் சரி, பலெர்மோவின் எல்-24இலும் சரி, உளவியல் படிக்கப் போனவர் முதலாண்டில் சராசரி, மாறுபாடு, தொடர்புக் கெழு, அளவீட்டு நம்பகத்தன்மை என்று எண்களோடு மல்லுக்கட்டுவார். பேச்சுக் கேட்டு ஆறுதல் சொல்வதே உளவியல் என்று நினைத்துச் சேர்ந்தவர்கள் விலகுவது பெரும்பாலும் இங்கேதான். சேர்வதற்கு முன் ஒரு புள்ளியியல் பாடநூலை எடுத்து இரண்டு மாதம் படித்துப் பார்ப்பது, எந்த வழிகாட்டல் கூட்டத்தையும்விட நல்ல சோதனை.

இனி நேரக் கணக்கு. இதை யாரும் உட்கார்ந்து போட்டுக் காட்டுவதில்லை. இரண்டு கட்டமும் சேர்ந்து 300 கிரெடிட். கிரெடிட்டுக்கு 25 மணி என்றால் 7,500 மணி. வாரத்துக்கு 15 மணி நேரம், ஆண்டில் ஐம்பது வாரம் ஒதுக்க முடிந்தவர் ஆண்டுக்கு 750 மணி படிக்கலாம். அப்படியானால் பத்தாண்டு. பழைய பட்டத்திலிருந்து 60 கிரெடிட் ஏற்கப்பட்டால் எட்டாண்டு. இத்தாலியின் வீட்டுத் தொழிலாளர் தேசிய ஒப்பந்தப்படி, வீட்டிலேயே தங்கி வேலை செய்பவரின் வாரம் 54 மணி வரை போகலாம். வெளியே தங்குபவருக்கு 40. தங்கி வேலை செய்பவருக்கு ஞாயிறு முழுநாளும் இன்னொரு நாளில் அரைநாளும் ஓய்வு. அந்த ஒன்றரை நாளில் துணி துவைத்து, ஊருக்குப் பேசி, கோயிலுக்குப் போய், பிறகு 15 மணி படிப்பு என்பது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. ஆகவே சேர்வதற்கு முன் செய்ய வேண்டிய முதல் மாற்றம், படிப்பில் இல்லை, வேலையில்: தங்கி வேலையிலிருந்து மணிக்கணக்கு வேலைக்கோ இரவுப் பராமரிப்புக்கோ மாறுவது. சம்பளம் குறையும். ஆனால் பயிற்சிக்கான பகல்கள் விடுபடும். 1970ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் பரீட்சை நாளில் சம்பளத்தோடு விடுப்பு எடுக்கும் உரிமையை மாணவத் தொழிலாளிக்குத் தந்திருக்கிறது. ஹோட்டலிலோ துப்புரவு நிறுவனத்திலோ இருப்பவர் அதைக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டு வேலைக்கு ஒப்பந்தம் தனி என்பதால், அவர்கள் தொழிற்சங்க அலுவலகத்தில் தங்கள் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்பது நல்லது.

காசு விஷயத்தில் அரசுப் பல்கலைக்கழகம் எல்லாரையும் தோற்கடிக்கிறது. குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ‘இசே’ 22,000 யூரோவுக்குள் இருந்தால் அரசுப் பல்கலைக்கழகத்தில் வருடாந்தக் கட்டணம் இல்லை. பிராந்திய வரியும் முத்திரைச் செலவும் மட்டும். 2016ஆம் ஆண்டின் சட்டம் 13,000இல் தொடங்கிய இந்த வரம்பை 2021இல் 22,000 ஆக்கினார்கள். பலெர்மோவில் வீட்டு வேலை செய்யும் குடும்பங்களில் மிகப் பல இதற்குள் வந்துவிடும். ஆனால் சலுகைக்கு நிபந்தனை உண்டு. முதலாண்டில் ஆகஸ்ட் 10க்குள் 10 கிரெடிட், அதன் பிறகு ஆண்டுதோறும் 25. மேலும், படிப்பின் சட்டபூர்வ காலத்தோடு ஓராண்டுக்கு மேல் போகக் கூடாது. 25 கிரெடிட் என்றால் 625 மணி, வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். இது கட்டணச் சலுகையின் நிபந்தனை மட்டும் அல்லாமல், ஒருவர் உண்மையில் படிக்கிறாரா, பெயருக்குப் பதிந்திருக்கிறாரா என்று பிரித்துக் காட்டும் கோடாகவும் எனக்குப் படுகிறது. அதற்கும் கீழே போனால் படிப்பு முடியாது.

இங்கேதான் பகுதிநேரப் பதிவு உதவிக்கு வருகிறது. இத்தாலியின் பல பல்கலைக்கழகங்களில் வேலை, பிள்ளை வளர்ப்பு, நோய் போன்ற காரணம் காட்டி, அதே பட்டத்தை நீட்டப்பட்ட காலத்தில் முடிப்பதாக எழுதிக்கொடுக்கலாம். வகுப்பு ஒன்றுதான், பரீட்சையும் ஒன்றுதான். ஆண்டுச் சுமை குறையும், காலவரம்பு நீளும். இதைச் செய்யாமல் முழுநேரமாகப் பதிந்துவிட்டு மெல்லப் படிப்பவர் ‘ஃபுவோரிகோர்சோ’, அதாவது காலவரம்பைத் தாண்டிய மாணவர், ஆகிவிடுவார். குறைந்த வருமானக்காரரின் கட்டணத்துக்கு அப்போதும் ஓர் உச்சவரம்பு உண்டு என்றாலும், கட்டணமில்லாச் சலுகை போய்விடும். ஆனால் சிசிலியின் மாணவர் உதவி அமைப்பான எர்சு வழங்கும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர், பகுதிநேரப் பதிவு அதைப் பாதிக்குமா என்று அந்த ஆண்டின் அறிவிப்பை வரிக்கு வரி படித்துவிட்டே கையெழுத்திட வேண்டும். இந்தக் கேள்வியை, வரிப் படிவங்களும் இசேயும் நிரப்பித் தரும் காஃப் அலுவலகத்தில் கேட்டால் பெரும்பாலும் தெரியாது என்பார்கள். எர்சு அலுவலகத்திலேயே கேட்க வேண்டும்.

இணையவழித் தனியார் பல்கலைக்கழகங்களைப் பலரும் விசாரிக்கிறார்கள். ரோமை மையமாகக் கொண்ட உனிநெத்தூனோ, நிக்கோலோ குசானோ போன்றவை உளவியல் பட்டம் தருகின்றன. அமைச்சின் அங்கீகாரம் பெற்ற பட்டம் என்பதால் பதிவேட்டின் முன் அதற்கும் பலெர்மோப் பட்டத்துக்கும் வேறுபாடு இல்லை. இதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. இரவில் மட்டும் படிக்க முடிகிறவருக்கு இவற்றைவிட்டால் வேறு வழி இல்லாத சந்தர்ப்பங்களும் உண்டு. கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் யூரோ. 22,000 யூரோ சலுகை இங்கே செல்லாது. பாடம் வீட்டில், பரீட்சை நேரில். மறந்துவிடக்கூடாதது மறுபடி அந்த 750 மணிதான். பட்டம் ரோமிலிருந்து வந்தாலும் பயிற்சி பலெர்மோவிலோ அருகிலோ நடக்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சிசிலியில் எந்தெந்த நிலையங்களோடு ஒப்பந்தம் இருக்கிறது, போன ஆண்டு எத்தனை மாணவருக்கு இங்கே இடம் கிடைத்தது என்று சேர்க்கை அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் சேரலாம். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று வந்தால் அந்தப் பிறகு உங்கள் தலையில் விழும்.

இந்தியத் தொலைக்கல்வியைப் பற்றிப் பழைய தகவலோடு இருப்பவர்கள் அதிகம். எந்தப் பட்டதாரியும் சேரலாம், இரண்டாண்டில் முடிக்கலாம் என்று இருந்த இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. உளவியல், தமிழரிடையே மிகப் பரவலான மாற்றுவழியாக இருந்தது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியலைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ புதிதாக நடத்தக் கூடாது என்று அறிவித்துவிட்டது. 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் கீழ் உளவியலும் வருகிறது என்பதே காரணம். அந்தக் கதவு திறந்திருந்தபோதும் அது இந்தியாவிலேயே மருத்துவ உளவியலாளர் ஆக்கியதில்லை. அதற்கு மறுவாழ்வு மன்றம் ஏற்ற பயிற்சி தனியே வேண்டும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நடக்கும் உளவளத்துணை டிப்ளோமாக்கள் அங்கே தொண்டு செய்ய உதவும். இத்தாலியப் பதிவேட்டுக்கு அவற்றால் பயனில்லை. இடம்பெயரும் எண்ணம் இருப்பவருக்கு மட்டும் இரண்டு தகவல்: சுவிட்சர்லாந்தில் 2013இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள முதுநிலைப் பட்டம் வேண்டும். கனடாவின் ஒன்ராறியோவில் உளவியலாளர் பதிவு ஒரு பக்கம் இருக்க, பதிவுபெற்ற உளச்சிகிச்சையாளர் என்ற தனிப் பதிவேடு 2015 ஏப்ரல் முதல் இருக்கிறது. முனைவர் பட்டம் இல்லாமல் அங்கே தொழில் செய்ய விரும்புபவர் பலர் அந்த வழியைப் பார்க்கிறார்கள்.

தமிழ் பேசும் உளவியலாளர் ஒருவர் இந்த நகரத்துக்கு எவ்வளவு தேவை என்பதைச் சொல்லாமல் விட முடியாது. போர் தமிழர் மனத்தில் ஏற்படுத்திய காயத்தை யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே மருத்துவராகக் கண்டு எழுதியவர் தயா சோமசுந்தரம். ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ என்ற அவரது ஆங்கில நூல் 1998இல் வந்தது. அந்தப் போரிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் இப்போது பலெர்மோவில் அறுபதைத் தாண்டுகிறார்கள். முதுமையில் பின்னால் கற்ற மொழி நழுவி, தாய்மொழி மட்டும் எஞ்சுவது மறதி நோயில் காணப்படுவது. இத்தனை ஆண்டு இத்தாலிய முதியவரைப் பார்த்துக்கொண்டவருக்கு அந்த நிலை வந்தால், அவரிடம் தமிழில் பேசி நினைவாற்றலைச் சோதிக்க யார் இருப்பார்? 1978ஆம் ஆண்டின் 180ஆம் சட்டம் மனநோய் விடுதிகளை மூடச்சொல்லி, சிகிச்சையைச் சமூக மனநல மையங்களுக்குக் கொண்டுவந்த நாடு இது. அந்த மையத்தில் எதிரே இருப்பவரின் மொழி தெரியாவிட்டால் அந்தச் சீர்திருத்தத்தில் பாதி வாசலிலேயே நின்றுவிடும்.

அந்தத் தேவைக்கு உளவியலாளர் மட்டுமே பதில் என்று நான் நினைக்கவில்லை. ஐம்பதை நெருங்கும் ஒருவர் பத்தாண்டுப் படிப்பில் இறங்குவதைவிட, பக்கத்தில் இருக்கும் தொழில்களைப் பார்க்கலாம். பண்பாட்டு இடையாளர் என்ற பணியை 1998ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் எங்கும் தேவைப்படும் வேலை அது. சம்பளம் நிலையற்றது என்பது அதன் குறை. ஓஎஸ்எஸ் எனப்படும் சமூக சுகாதாரப் பணியாளர் பயிற்சி 2001ஆம் ஆண்டின் உடன்பாட்டில் தொடங்கியது; குறைந்தது 1,000 மணி. பாதந்தேயாக இருப்பவர் ஏறக்குறைய அதே வேலையைச் சான்றிதழோடு, மருத்துவமனைச் சம்பளத்தோடு செய்ய அது வழி. எல்-19 வகுப்புப் பட்டம் சமூக-கல்விப் பணியாளர் ஆக்குகிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தொழிலுக்கு உருவம் கொடுத்தது. மூன்றாண்டில் முடிந்துவிடும், நுழைவும் சுலபம். மனநல மறுவாழ்வுத் தொழில்நுட்பர் பட்டமும் மூன்றாண்டுதான். ஆனால் வருகை கட்டாயம் என்பதால் வேலையோடு சேர்த்துப் படிப்பது கனவு. மூன்றாண்டு எல்-24ஐ மட்டும் முடித்துப் பதிவேட்டின் ‘பி’ பிரிவில் சேர 2001ஆம் ஆண்டு ஆணை வழி வைத்தது. அதை நம்பிப் படிக்க வேண்டாம் என்றே சொல்வேன். அந்தப் பிரிவுக்கென்று வேலைச்சந்தை உருவாகவே இல்லை.

முப்பதுக்குள் இருப்பவர், இங்கே படித்து வளர்ந்தவர் என்றால் என் பதில் வேறு: பலெர்மோவின் எல்-24, பகுதிநேரப் பதிவு, பிறகு எல்எம்-51. லண்டன் படிப்பைவிட நீளமானது, விளம்பரம் இல்லாதது, ஆனால் முடித்தால் தொழில். அதற்கு மேல் உளச்சிகிச்சையாளர் ஆக விரும்பினால் 1989 சட்டத்தின் மூன்றாம் பிரிவு குறைந்தது நான்காண்டுச் சிறப்புப் பயிற்சி கேட்கிறது. அந்தப் பள்ளிகள் பெரும்பாலும் தனியார். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான யூரோ. அதோடு பயிற்சி பெறுபவரே சிகிச்சைக்கு உட்கார வேண்டும் என்று சில பள்ளிகள் வைக்கும் நிபந்தனைக்கு வேறு செலவு. ஆனால் அப்போது அவர் பதிவுபெற்ற உளவியலாளர். ஆலோசனை, மதிப்பீடு, பள்ளிப் பணி என்று சம்பாதித்துக்கொண்டே படிக்கலாம்.

இந்த ஆண்டே தொடங்க நினைப்பவர் நுழைவுத் தேர்வு அறிவிப்பு கோடையில் வரும் என்று காத்திருக்க வேண்டாம். வெளிநாட்டுச் சான்றிதழ் மொழிபெயர்ப்புக்கும் தூதரக முத்திரைக்கும் மாதக்கணக்கில் ஆகும். உயர்தரச் சான்றிதழை ஊரிலிருந்து வரவழைப்பதை இன்றே தொடங்கலாம். இசேக் கணக்கு ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31இல் காலாவதியாகும். புதியதை ஜனவரியிலேயே எடுத்து வைத்துக்கொள்ளலாம். 15ஆம் எண் கட்டடத்துக்குப் போய்க் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: என் பழைய படிப்பில் எத்தனை கிரெடிட்டை ஏற்பீர்கள், பயிற்சியை எந்த நேரத்தில், எங்கே செய்ய விடுவீர்கள்?